நஞ்சை மனையான கதை

வீட்டுக்கடன் தீர்ந்ததும் வங்கியிலிருந்து திரும்பி வந்த பத்திரக்கட்டு பல மாதங்களாகப் பிரிக்கப்படாமல் என் மேசையில் கிடந்தது. மழை விடாமல் பெய்த ஒருநாள் பொழுதுபோகாமல் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். தாம்பரத்துக்கு மேற்கே, அடையாறு இன்னும் ஓர் ஓடையின் அகலத்திலேயே இருக்கும் பகுதியில், என் தந்தை வாங்கிய மனையின் ஆவணங்கள் அவை. எல்லாவற்றிலும் பழையது 1936ஆம் ஆண்டின் கிரயப்பத்திரம். அதாவது தாய்ப்பத்திரம். அதில் விற்கப்பட்டிருப்பது ஒரு காணி நஞ்சை. அதன் கிழக்கெல்லை ஏரி மதகு வாய்க்கால். நிலத்தோடு மதகு நீர்ப் பாத்தியமும், நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் என்று நீளும் பழைய உரிமைப் பட்டியலும் கைமாறியிருந்தன. கட்டின் நடுவில் இருந்த 1984ஆம் ஆண்டுப் பத்திரம் என் தந்தையின் பெயரில் எழுதப்பட்டது. அதில் 2,400 சதுர அடி காலிமனை. கிழக்கெல்லை இருபதடி ரோடு. ஜலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டு பத்திரங்களின் எல்லைகளையும் சர்வே எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது வாய்க்காலும் ரோடும் ஒன்றே என்பது விளங்கியது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வந்தபோது அது எந்த வழியாக வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. நீர் தன் பழைய பத்திரத்தின்படி நடந்துகொண்டது.

விளைநிலம் மனையாவதைப் பற்றி நம்மிடையே புழங்கும் கதை எளியது. விவசாயம் கட்டுப்படியாகவில்லை, தரகர் வந்தார், கல் நட்டார், நகரம் ஊரை விழுங்கியது. இது பொய்யில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தை மட்டுமே சொல்கிற கதை இது. செங்கல்பட்டுச் சீமையின் வரலாற்றைப் பின்னோக்கிப் படிக்கையில் எனக்குத் தோன்றுவது வேறு. நிலத்தையும் நீரையும் தனித்தனிக் கணக்குகளில் எழுதத் தொடங்கிய நாளிலேயே நஞ்சை மனையாகத் தொடங்கிவிட்டது. மனைக்கல் அதன் முடிவுரை மட்டுமே. அந்தப் பிரிவினை எவ்வாறு நிகழ்ந்தது என்பதைத் தொடர்ந்து பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

*

நன்செய், புன்செய் என்னும் சொற்களில் உள்ள 'செய்' வயலைக் குறிக்கும். நன்செய் என்றால் நல்ல மண் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வருவாய்த்துறை வழக்கில் அது பாசன நீர் பெறும் நிலம். வானத்தையும் சொந்தக் கிணற்றையும் நம்பியிருப்பது புன்செய். ஆக நஞ்சை என்பது மண்ணின் பெயராக இருந்தாலும் நீரால் வந்த பெயர்.

தொண்டைமண்டலத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறுதான். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதை ஆண்டு முழுவதற்குமாகப் பிடித்து வைப்பதற்கு இங்கே கண்ட வழி ஏரி. மெல்லச் சரியும் நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் கரை எழுப்பினால் மேற்புறம் நீர் தேங்கும். மதகு வழியாக இறங்கும் நீர் கீழ்ப்புறத்து ஆயக்கட்டை நனைக்கும். மிகுந்தது கலங்கல் வழியாக வெளியேறி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஓர் ஊரின் கழிவு அடுத்த ஊரின் வரத்து. மாவட்டங்கள் பிரிக்கப்படுவதற்கு முந்திய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித்துறையின் பொறுப்பில் இருந்தவை மட்டுமே 900க்கு மேற்பட்ட ஏரிகள். அவற்றைத் தனித்தனி ஏரிகள் என்று எண்ணுவதைக் காட்டிலும் கண்ணிகள் பலவற்றைக் கொண்ட சில சங்கிலிகள் என்று எண்ணுவதே பொருத்தம்.

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் அறிவுரை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். உணவு என்பது மண்ணும் நீரும் கூடியது. அவ்விரண்டையும் கூட்டுவித்தவர்களே உடலையும் உயிரையும் படைத்தவர்கள். ஆகவே பள்ளமான இடங்களில் நீரைத் தடுத்து நிறுத்து என்பது அவ்வறிவுரையின் சாரம். இதை வெறும் கவிதையாகப் படிக்க வேண்டியதில்லை. ஓர் ஆட்சிக் கொள்கையாகவும் படிக்கலாம்.

அக்கொள்கை ஊர் அளவில் எப்படி நடைமுறையானது என்பதற்கு உத்திரமேரூர் சான்று. முதலாம் பராந்தகனின் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்ச் சாசனங்கள் குடவோலை முறைக்காகப் பாடநூல்களில் இடம்பெற்றவை. அவற்றில் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியமும் உண்டு. வாரியத்துக்குப் பெயர் எழுதப்படத் தகுதியானவர் யார் என்னும் விதிதான் நம் விஷயத்துக்கு முக்கியம். அவர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும் இருக்க வேண்டும். வயலும் மனையும் ஒரே ஊரில், ஒரே ஆளிடம் இருந்தால்தான் ஏரியை நிர்வகிக்கும் தகுதி. கரை உடைந்தால் எவன் பயிரும் எவன் வீடும் போகுமோ அவனே கரைக்குப் பொறுப்பு.

முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். பெரிய கோயிலுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களின் பரப்பைச் சொல்லி, வரி விதிக்கப்படாதவற்றை அதிலிருந்து கழிக்கிறார்கள். ஊர்நத்தம், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாளச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அப்பட்டியல் போகிறது. பிற்காலத்தில் நாம் நத்தம், புறம்போக்கு என்று அழைக்கப்போகும் இனங்களின் மூதாதைப் பட்டியல் இது. வரி இல்லை என்பதற்கு மதிப்பு இல்லை என்று அக்காலத்தவர் பொருள்கொண்டிருக்க முடியாது. வரி தரும் நிலத்தை வரி தரவைப்பது எதுவோ அதற்கு வரி கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம். அச்சபையில் உழுதவனுக்கு இடமில்லை. தஞ்சைக் கல்வெட்டில் சேரி தனியே பிரித்தெழுதப்பட்டிருப்பதும் அதன் கதையைத் தானே சொல்கிறது. இழந்த பொற்காலத்துக்காக ஏங்குவது என் நோக்கமில்லை. மண்ணும் நீரும் ஒரே கணக்கில் இருந்தன என்பதைச் சொல்லும்போது அக்கணக்கில் யாருடைய பெயர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

*

1763இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாங்கள் பெற்றது என்னவென்று தெரிந்துகொள்ளக் கம்பெனியார் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார்கள். அந்த அளவையில் ஒவ்வோர் ஊரின் வீடுகளும் நிலங்களும் மட்டுமல்லாமல் மானியங்களும் பதிவாயின. கணக்கன், தச்சன், கொல்லன், வெட்டியான், கோயில், ஏரி என்று ஒவ்வொன்றுக்கும் விளைச்சலில் பங்கு இருந்தது. நெற்குவியலை அளக்கும்போதே பொதுவுக்கானது ஒதுக்கப்பட்டது. ஏரிக்கு நெல் கிடைத்ததால் ஏரி தூர் வாரப்பட்டது. மதகைத் திறந்து மூடிக் கடைமடை வரை நீரைப் பங்கிட்டவருக்கு நீர்க்கட்டி, கம்புகட்டி என்று பெயர். தெற்கே மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

சொத்துரிமையும் அக்காலத்தில் வேறு விதமாக இருந்தது. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816இல் எடுத்துக்காட்டிய அதே எல்லிஸ்தான் இச்சீமையின் மிராசு உரிமையையும் விரிவாக ஆராய்ந்து எழுதினார். மிராசு என்பது, பழைய சொல்லில் காணியாட்சி என்பது, குறிப்பிட்ட ஒரு வயலின் மீதான உரிமை இல்லை. ஊரில் ஒரு பங்கு. பசுங்கரை ஊர்களில் பங்குதாரர்களுக்குள் நிலங்கள் காலந்தோறும் மாற்றிக் கொடுக்கப்பட்டன. இன்று மேல்மடையில் உழுபவர் நாளை கடைமடைக்குப் போகலாம் என்றால் கடைமடைக்கு நீர் போவதில் எல்லோருக்கும் அக்கறை இருக்கும். நிலத்தை நிலையாகப் பிரித்துக்கொண்ட ஊர்களை அறுதிக்கரை என்றார்கள்.

கம்பெனிக்கு இந்தக் குழப்பம் தேவைப்படவில்லை. 1802இல் சீமையை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டுப் பார்த்தது. அது தோற்றது. தாமஸ் மன்றோ ஆளுநராக வந்த 1820க்குப் பின் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, ஒருவர் பெயரில் பட்டாவாகும் ஏற்பாடு அதுதான். உழவனுக்கும் அரசுக்கும் நடுவே இடைத்தரகர் இருக்கக்கூடாது என்பது மன்றோவின் நோக்கம். அது நல்ல நோக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் பட்டா வயலுக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஏரியும் வாய்க்காலும் எவர் பெயரிலும் இல்லாமல் புறம்போக்காகி அரசின் கணக்கில் சேர்ந்தன. ஊரின் பங்கு என்பது காகிதத்தில் அழிந்து, ஒருபுறம் என் வயல், மறுபுறம் சர்க்கார் ஏரி என்றாயிற்று.

அடுத்த அரை நூற்றாண்டு அதன் விளைவுகளுக்கே சரியாக இருந்தது. 1858க்குப் பின் வேலை தொடங்கிய இனாம் ஆணையம் மானியங்களை ஒவ்வொன்றாக விசாரித்து, பலவற்றை வரிக்கு உட்பட்ட தனியுடைமை ஆக்கியது. களத்துமேட்டில் ஏரிக்கென அளந்த நெல் காலப்போக்கில் நின்றது. பிறகு ஏரிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்ற கவலை எழுந்தது. அதே 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரார் வந்து வேலை செய்தே ஆகவேண்டும். வழக்கமான குடிமராமத்தைத் தவறியவர்களுக்குத் தண்டம். வழக்கமாக நடந்துவந்ததைச் சட்டம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது என்பதே அது நின்றுபோனதற்குச் சான்று. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏரிகள் அளக்கப்பட்டன, வரைபடங்கள் எழுதப்பட்டன. அவை இன்றும் பயன்படும் அளவுக்கு நேர்த்தியானவை. ஆனால் ஏரி இப்போது ஒரு துறையின் கோப்பு. கோப்புக்கும் வயலுக்கும் இடையே இருந்த மனிதன் போய்விட்டான்.

*

இதே செங்கல்பட்டிலிருந்து 1891இல் இன்னொரு குரல் எழுந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். உழுபவர்களுக்கு வயல் இல்லை என்பதோடு, அவர்கள் குடியிருக்கும் குடிசைக்குக் கீழே உள்ள மண்ணும் அவர்களுடையதில்லை என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. மிராசுதாரர் நினைத்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையின் வழியே வழங்கப்பட்டவைதாம் நாம் பஞ்சமி நிலங்கள் என்று அழைப்பவை. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்தாண்டுகள் விற்கக்கூடாது. அதன்பின்னும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். நிபந்தனை தெளிவானது. ஆயினும் பெரும்பகுதி கைமாறியது. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள்.

மனை என்றாலே தீமை என்று சொல்லப் புகுபவர்கள் டிரமன்ஹீரின் அறிக்கையை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பகுதி மக்களுக்குச் சொந்த மனை என்பது நூற்றாண்டுக் கனவு. விவசாயத் தொழிலாளிக்கு அவர் குடியிருக்கும் மண்ணை உரிமையாக்கிய தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. நகர் ஊரமைப்புச் சட்டமும் 1971 என்னும் ஆண்டையே தன் பெயரில் தாங்கியிருக்கிறது. ஒன்று குடிசைக்கு உரிமை தந்தது. மற்றொன்று வயல்கள் மீது வரைபடம் விரித்தது.

*

சென்னை நகரம் செங்கல்பட்டு மாவட்டத்தின் வயிற்றிலிருந்து வளர்ந்தது. சைதாப்பேட்டையும் மாம்பலமும் அம்மாவட்டத்து ஊர்களாக இருந்தவை. மாகாணத்தின் முதல் வேளாண்மைப் பள்ளி 1868இல் தொடங்கியது சைதாப்பேட்டையில்தான். 1906இல் அது கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் இன்று கடைகளும் பேருந்துகளும் நெரியும் அவ்விடத்தில் இருக்கிறது என்பதை அங்கே நிற்கும்போது நம்ப முடிவதில்லை.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு வளைந்து கிடந்தது ஒரு பெரும் ஏரித்தொடர். நீளம் காரணமாகவே ஆங்கிலேயர் அதை லாங் டாங்க் என்றார்கள். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், 1923 தொடங்கி மாம்பலத்தில் அதன் நீர் வடிக்கப்பட்டுக் குடியிருப்பு எழுந்தது. அதுவே தியாகராய நகர். நீதிக்கட்சி ஆட்சியில் உருவானதால் அக்கட்சியின் பெரியோர்களும் நகராட்சிப் பிரமுகர்களும் அங்கே பூங்காக்களாகவும் சாலைகளாகவும் நிற்கிறார்கள். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்கள் அவை. வடக்கே நுங்கம்பாக்கத்து ஏரிப்பகுதியில் 1925இல் லயோலா கல்லூரி தொடங்கியது. எஞ்சியிருந்த பள்ளத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரி போனபின் அதன் பெயர்கள் மட்டும் தங்கின. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, காட்சிக்கு ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும் டாங்க் பண்ட் ரோடும் இருக்கின்றன, நீரும் கரையும் இல்லை.

தியாகராய நகரை நான் குறை சொல்லமாட்டேன். தமிழ் இலக்கியத்தின் பாதி அங்கே வாடகை வீடுகளில் எழுதப்பட்டது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அது ஒரு முன்மாதிரியை ஏற்படுத்தியது. ஆயக்கட்டு வயல்கள் தோட்ட வீடுகளாகவும் தெருக்களாகவும் மாறிவிட்டால் ஏரியைக் கேட்பதற்கு ஆள் இருக்காது. கேட்பாரற்ற ஏரி காலி இடம். இந்தத் தர்க்கம் அதன்பின் நூறாண்டுகள் தெற்கிலும் மேற்கிலும் நடந்துகொண்டே போயிற்று. வேளச்சேரி ஏரி சுருங்கியதும், பள்ளிக்கரணைச் சதுப்பு தன் பெரும்பரப்பை இழந்ததும் அவ்வழியில்தான். பள்ளிக்கரணையில் மிஞ்சியதற்கு 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தது.

*

சுதந்திரத்துக்குப் பின் நீரும் நிலமும் இன்னொரு முறை பிரிந்தன. மின்மோட்டார் வந்தது. சொந்தக் கிணறு இருப்பவருக்கு மதகு எப்போது திறக்கும் என்ற கவலை போயிற்று. தூர் வார ஊர் கூடவில்லை. நஞ்சை என்று பதிவேட்டில் எழுதப்பட்ட வயல், நடைமுறையில் கிணற்றுப் பாசனப் புன்செயாகியது. தொண்ணூறுகளில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலையும், 2000இல் தரமணியில் டைடல் பூங்காவும் வந்தபோது ஊர்களில் எஞ்சியிருந்தது ஆயக்கட்டு என்னும் உடலில்லை, தனித்தனிப் பட்டாக்கள் மட்டுமே. தனிப் பட்டாவை வாங்குவது எளிது.

எப்படி நடக்கிறது என்பதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். முதலில் சாலையை ஒட்டிய வயல்கள் போகும். அவை பெரும்பாலும் மேல்மடையில் இருப்பவை. வாங்கியவர் சாலை மட்டத்துக்கு மேல் மண் கொட்டி உயர்த்துவார். கிளை வாய்க்கால் தூரும். கடைமடைக்காரர் விற்க நினைத்திருக்கமாட்டார். ஆனால் கோடையில் அவர் வயலுக்கு நீர் வராது, ஐப்பசியில் வந்த நீர் வெளியேறாது. சில போகங்கள் பார்ப்பார். அடங்கலில் 'தரிசு' என்று எழுதப்படும். தரிசு என்ற சொல் விழுந்த நிலத்தை மனையாக்குவதில் யாருக்கும் உறுத்தல் இருக்காது. கடைமடைக்காரர் தம் விருப்பத்தின்பேரில் விற்றார் என்றே பத்திரம் சொல்லும். அவர் நிலத்தை அவர் விற்பதற்கு முன்பே வேறொருவர் விற்றுவிட்டார் என்பதை எழுத எந்தப் பத்திரத்திலும் இடமில்லை.

பிறகு லே-அவுட். குளிரூட்டிய வேனில் அழைத்துப் போய், மதிய உணவு போட்டு, தங்கக்காசு தந்து விற்ற ஆண்டுகளை நாம் மறந்திருக்கமாட்டோம். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தையே அங்கீகாரம் என்று சொல்லி விற்றவை ஏராளம். இதில் கணக்கு ஒன்று சுவையானது. செங்கல்பட்டின் பழைய அளவையில் 24 மனை ஒரு காணி. அந்த மனைதான் இன்றைய கிரவுண்டு, 2,400 சதுர அடி. மன்றோவுக்கு முந்திய அளவையைச் சதுர அடிக்கு மாற்றி இன்றும் நாம் வாங்கி விற்கிறோம். நீர்ப் பங்கை மட்டும் விட்டுவிட்டோம்.

நீர்க்கட்டிக்கும் நாற்று நட்ட பெண்களுக்கும் இந்த விற்பனையில் என்ன கிடைத்தது? அவர்கள் பெயரில் பட்டா இருந்ததில்லை. ஆகையால் விற்கவும் எதுவும் இல்லை. களத்துமேட்டு நெல் நின்றபோது ஒருமுறையும், வயல் நின்றபோது இன்னொரு முறையும் அவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

*

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது என்பது அரசுத் தரப்பின் கணக்கு. அந்த எண்ணைப் பற்றிய வாதத்தில் நாம் மூழ்கிப்போனோம். அந்த ஏரிக்கு மேலேயும் பக்கத்திலும் இருந்த எங்களைப் போன்ற ஊர்கள் செம்பரம்பாக்கம் திறக்கும் முன்பே மூழ்கியிருந்தன. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றின் தலைப்பகுதியில் கூடும். முன்பு அந்த நீர் வயல்களில் பரவி நின்று மெல்ல இறங்கும். நெற்பயிர் சில நாள் நீரில் நிற்கும். நடு அறையும் அடுப்பும் நிற்கா.

அடுத்த ஆண்டு, 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பத்திரப்பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்டவை கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். என் மனையும் அவ்வாறே முறையானது. கட்டணம் கட்டினேன், ரசீது இருக்கிறது. வாய்க்காலை முறைப்படுத்த அந்த விதிகளில் படிவம் எதுவும் இல்லை.

2020இல் காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலைகள், தோல் பதனிடுதல் போன்றவை அச்சட்டத்தின் தடைப்பட்டியலில் உள்ளன. வீட்டுமனை அப்பட்டியலில் இல்லை. அண்டைக் கேரளம் 2008இல் இயற்றிய நெல்வயல் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டமோ வயலை ஈரநிலத்தோடு சேர்த்தே பார்த்தது. பின்னர் 2018 திருத்தத்தில் அது தளர்ந்தாலும், மண்ணையும் நீரையும் ஒரே வரியில் எழுத நம் காலத்திலும் முடியும் என்பதற்கு அது சாட்சி.

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வு செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரத்தார் போராட்டத்தில் இறங்கினார்கள். உத்திரமேரூரைப் போலவே இதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஏரிகளும், அவற்றுக்கு நீர் கொண்டுவரும் கம்பன் கால்வாயும் உள்ள பகுதி. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே நான் விவாதிக்கவில்லை. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் முந்தைய 1894 சட்டத்தைவிட மேலானது. நிலமற்ற தொழிலாளியையும் பாதிக்கப்பட்டவராக அது ஏற்கிறது. என் கேள்வி சிறியது. பட்டா நிலத்துக்கு விலை உண்டு. மரத்துக்கும் கிணற்றுக்கும் விலை உண்டு. ஏரி புறம்போக்கு என்பதால் அரசின் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும். கீழேயுள்ள ஊர்கள் அந்த ஏரியிடமிருந்து பெற்றுவந்ததற்கு எந்தக் கலத்தில் எண் எழுதுவது?

*

இதையெல்லாம் எழுதுபவன் ஒரு காலத்து நஞ்சையின் மேல் உட்கார்ந்து எழுதுகிறான் என்பதை மறைப்பதற்கில்லை. என் தந்தை அரசுப் பள்ளி ஆசிரியர். வாடகை வீடுகளிலேயே காலம் கழித்தவர். அந்த 2,400 சதுர அடி அவருடைய வாழ்நாள் சேமிப்பு. அதை அவருக்கு விற்ற உழவருக்கும் மகளைக் கட்டிக்கொடுக்கவோ மகனைப் படிக்கவைக்கவோ வேண்டியிருந்திருக்கும். நெல் அதைச் செய்து கொடுத்திருக்காது. நிலத்தை விற்காதே என்று உழவனுக்கு அறிவுரை சொல்லும் தகுதி, அவன் விற்றதை வாங்கிய நமக்கு இல்லை. ஊரில் வீடுகள் வேண்டும், அவை எங்காவது நிற்கத்தான் வேண்டும்.

ஆனால் வீடுகள் வாய்க்காலின் மேல்தான் நிற்க வேண்டுமா என்று கேட்கலாம். மன்றோவின் அளவையாளர்கள் வயலைத் தனியே எழுதியபோது செய்த பிழையை, மனைப்பிரிவு வரைபடம் எழுதும் நாம் தொடரத்தான் வேண்டுமா என்றும் கேட்கலாம். சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கினால்தான் அங்கீகாரம் என்று விதி இருக்கிறது. வரத்துக்காலும் போக்குக்காலும் வரைபடத்தில் இருந்தபடியே களத்திலும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், குடிவந்தவர்களையே அதற்குப் பொறுப்பாக்குவதும் பெரிய புரட்சியாகாது. கரை உடைந்தால் எவன் வீடு போகுமோ அவனே கரைக்குப் பொறுப்பு என்று உத்திரமேரூரில் 1,100 ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதியவர்கள் பிறப்பை வைத்து ஆட்களைத் தள்ளிவைத்தார்கள். அந்தத் தகுதியை நீக்கிவிட்டுப் பொறுப்பை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் எங்கள் தெருக்கோடியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். நான்கடி ஆழத்தில் கருங்கல் பலகை ஒன்று தட்டுப்பட்டது. நடுவே வட்டத் துளை. தொழிலாளிகளில் வயதானவர் அதைப் பார்த்ததும் "மதகுக் கல்லு சார்" என்றார். என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கல்லை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் குழாயைப் பதித்து மூடினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் நடக்கப் போகிறவர்கள் அதில் உட்கார்ந்து செருப்பை உதறிக்கொள்கிறார்கள்.